அந்தப் பக்கம் ராக்கெட்... இந்தப் பக்கம் டைனோசர்! ஆபீஸ் கம்ப்யூட்டரில் நெட் வரலையா?

பழவேற்காடு ஏரிக்கரையில் நின்றால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். 2022 நவம்பர் 26 அன்று அங்கிருந்து போன இ.ஓ.எஸ்-06 செயற்கைக்கோள், கடல்நீரின் நிறத்தைக் கவனிப்பதற்காகவும் அனுப்பப்பட்டது. மீன் எங்கே கூடியிருக்கலாம் என்பதை, இப்படிப்பட்ட செயற்கைக்கோள் தகவல்களை வைத்துத்தான் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கணித்துச் சொல்கிறது. அலை எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது.

வானம் வரை போய் வந்த தகவல், கரையில் இருக்கும் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் மட்டும் நுழையாமல், திரையில் அந்தக் குட்டி டைனோசர் வந்து நின்றால்? எச்சரிக்கை மட்டுமல்ல, தடைக்கால நிவாரண விவரம், சான்றிதழ் விண்ணப்பம் எல்லாமே இப்போது ஆன்லைன்தான். இங்கே நெட் இல்லையென்றால் பொன்னேரிக்கு பஸ் ஏற வேண்டும். ஒருநாள் தொழில் போச்சு.

கடலோர கிராமத்தில் ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்துக்கே கேட்கவைத்தது, அந்த மையத்தின் ஒலிபெருக்கிதான்.

சரி, நம் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

ஏரியில் தண்ணீர் குறைந்தால் பழவேற்காட்டில் முதலில் கவலைப்படுவது முகத்துவாரத்தைப் பற்றித்தான். மணல் மூடியிருக்கிறதா? நெட்டும் அப்படித்தான். 'நெட் வரலை' என்பது ஒரே ஒரு கோளாறு இல்லை. பாதையில் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனைக்கு உங்கள் செல்போன் போதும். ஆபீஸ் வைஃபையில் இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ஆனால், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் சிம் நெட்டுக்கு மாறி, 'எல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று ஏமாற்றிவிடும். போனிலும் வரவில்லையா? கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, மோடத்தைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் எல்.ஓ.எஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியே கேபிள் அறுந்திருக்கும். கம்பெனியில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. அவசரப்பட்டு மோடத்தின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டுவிடாதீர்கள். உள்ளே பதிந்திருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்து, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில்தான் வரவில்லை என்றால், ஏரிக்கரை ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக்காற்றை. லேன் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் பச்சை பூத்திருந்தால் முனையை வெட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரருக்குச் சில நிமிட வேலை. கேபிளைச் சொருகியதும் அந்த இடத்தில் விளக்கு மினுக்கினால் கேபிள் பெரும்பாலும் சரி.

இனி கம்ப்யூட்டருக்குள். தேடும் இடத்தில் சி.எம்.டி என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று, இதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடியுங்கள். ஐபிவி4 என்ற வரியில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், மோடம் உங்கள் கம்ப்யூட்டருக்கு முகவரியே கொடுக்கவில்லை. இரண்டையும் அணைத்து, மோடத்தை முதலில் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து கம்ப்யூட்டரைப் போடுங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் முகவரி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து 'பிங் 8.8.8.8' என்று அடியுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளம் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ் கோளாறாக இருக்கலாம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டெலிபோன் டைரக்டரி அது. நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். அங்கேயே 'ப்ராக்ஸி' யாராலாவது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இதெல்லாம் சரியாக இருந்தும் 'இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்றே வருகிறதா? திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சி.ஆர் 2032. அது தீர்ந்துபோனால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. கம்ப்யூட்டர் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! அதனால்தான் கதவைத் திறக்க மறுக்கிறது. தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு சி.பி.யூவைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு அலைவது பாவம்.

இன்னும் விண்டோஸ் 7 ஓடும் ஆபீஸ் என்றால் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14-லேயே நிறுத்திவிட்டது. 2023 தொடக்கத்தில் குரோமும் கைவிட்டது. சில தளங்கள் திறக்காமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். பில்லில் இருக்கும் எண்தான் சரியான எண். எதிர்முனையில் இருப்பவர் ஏதாவது ஆப்பை இறக்கச் சொல்லி, ஓ.டி.பி கேட்டால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வேலை அவசரமா? செல்போன் வயரை கம்ப்யூட்டரில் சொருகி, போனில் 'யு.எஸ்.பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப்புக்கும் அதில் நெட் வந்துவிடும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவு வயரில் வராது. போனோடு வந்த வயரைத் தேடி எடுங்கள்.