பட்டுப்புழுவுக்குள் ஒரு யாளி

2011 தீபாவளிக்கு வெளிவந்த 'ஏழாம் அறிவு' படத்தின் கதை காஞ்சிபுரத்தில் வேர்விடுகிறது. பல்லவ இளவரசர் என்று மரபு சொல்லும் போதிதர்மர் இங்கிருந்து சீனாவுக்குப் போகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, மரபியல் படிக்கும் சுபா என்ற மாணவி அவர் வம்சத்தில் வந்த சர்க்கஸ் கலைஞன் ஒருவனைக் கண்டுபிடித்து, அவன் உடம்புக்குள் உறங்கும் முன்னோரின் ஆற்றலை எழுப்பப் பார்க்கிறாள். முருகதாஸ் இயக்கத்தில் இரண்டு வேடங்களிலும் சூர்யா. டி.என்.ஏ. என்ற பெயரைத் தமிழ்நாட்டின் டீக்கடை வரை கொண்டுபோன படம் என்ற வகையில் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

ஆனால் கணக்கு இடிக்கிறது. அப்பா அம்மாவிடமிருந்து பாதிப் பாதி, தாத்தா பாட்டி நால்வரிடமிருந்தும் சராசரியாகக் கால் கால் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகிறது. ஒரு மனிதச் செல்லில் இருக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் சுமார் 600 கோடி. 33 தலைமுறை பின்னால் போனால், அங்கே நிற்கும் ஒரு மூதாதையிடமிருந்து ஒரு வழியில் நமக்கு வரக்கூடிய சராசரிப் பங்கு ஒரே ஓர் எழுத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. போதிதர்மர் காலத்துக்குப் போக ஐம்பது தலைமுறைக்கு மேல் ஆகும். அதுவும் டி.என்.ஏ. எழுத்து எழுத்தாகப் பிரிந்து வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. அதனால் அவ்வளவு தொலைவிலுள்ள முன்னோர்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து நமக்கு எதுவுமே வந்து சேர்வதில்லை. இடையில் ஒரு மகள்கூடக் குறுக்கிடாமல் மகன், மகனின் மகன் என்று வந்த வம்சமாக இருந்தால் ஒய் குரோமோசோம் மட்டும் வந்திருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் ஆண்மைக்கும் விந்தணு உற்பத்திக்குமான மரபணுக்கள்தான். படம் போதிதர்மருக்குத் தரும் வர்மமும் வைத்தியமும் குருவிடம் கற்பவை, குரோமோசோமில் ஏறுபவை அல்ல.

உலகக் கதைகளில் நடமாடும் மாற்றுப் பிறவிகளுக்கெல்லாம், மரபணு உடனே சக்தி தந்துவிடும் என்ற இதே அவசரம் உண்டு. டச்சுத் தாவரவியலாளர் ஹூகோ டி விரீஸ் 1901இல் தம்முடைய சடுதிமாற்றக் கோட்பாட்டை வெளியிட்டார். 1927இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிச் சடுதிமாற்றங்களை வரவழைத்துக் காட்டினார். கதிர்வீச்சு என்றதும் எழுத்தாளர்களின் கற்பனை பற்றிக்கொண்டது. 1954 மார்ச்சில் பசிபிக் கடலில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் கூட்டத்தைப் படைத்தார்கள். ஒவ்வொரு நாயகனுக்கும் புதிதாக ஒரு விபத்தை யோசித்து அலுத்துப்போய், பிறவியிலேயே சக்தி என்று வைத்துவிட்டதாக லீயே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1984இல் நிஞ்சா ஆமைகள். 2013இல் இந்தியில் 'க்ரிஷ் 3' படத்தின் வில்லன் மனிதனோடு விலங்குகளின் மரபணுவைக் கலந்து 'மான்வர்' படை ஒன்றையே உருவாக்கினான்.

இந்த வரிசையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1997இல் வந்த 'ஃபால்அவுட்' கணினி விளையாட்டு. அணுப்போருக்குப் பிந்திய பாழ்நிலத்தில், 'மாஸ்டர்' என்ற தலைவன் மனிதர்களை ஒரு வைரஸ் திரவத்தில் அமிழ்த்திப் பூதாகாரமான புது இனமாக மாற்றுகிறான். அவனைத் துப்பாக்கியால்தான் வெல்ல வேண்டும் என்பதில்லை. அவன் உருவாக்கிய இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்பதை ஆதாரத்தோடு எடுத்துக் காட்டினால் போதும், அவன் நொறுங்கிப்போகிறான். நான் அறிந்த மாற்றுப் பிறவிக் கதைகளில் உயிரியலுக்கு மிக நெருக்கமாக வரும் இடம் இதுதான். உடலில் எவ்வளவு பெரிய மாற்றம் நேர்ந்தாலும், அது முட்டைக்கும் விந்துக்கும் போய்ச் சேராவிட்டால் அந்த உடலோடு முடிந்துவிடும்.

மாற்றம் நேர்வது அபூர்வமும் அல்ல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது எழுத்து மாற்றங்கள் ஏறக்குறைய 60, 70 இருக்கின்றன. பெரும்பாலானவை அப்பாவின் பக்கத்திலிருந்து வருபவை, அவர் வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். அவற்றில் மிகப் பெரும்பான்மையால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எஞ்சியதில் கெடுப்பதே அதிகம். லேசர் கண் யாருக்கும் முளைப்பதில்லை.

காஞ்சிபுரத்துக்கு விநோதப் பிறவிகள் புதியவை அல்ல. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் அரைத்தூண்களில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் வரிசை கட்டியிருக்கின்றன. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் விஜயநகரச் சிற்பிகள் யாளிகளை நிறுத்தினார்கள். இவை தறியிலும் ஏறின. காஞ்சிபுரம் சேலையின் கரையிலும் முந்தியிலும் யாளி, அன்னப்பட்சி, இருதலைப்பட்சி எல்லாம் ஜரிகையில் நடக்கும்.

இவற்றில் எது சாத்தியம்? இரட்டைத் தலை நிஜத்தில் உண்டு, பாம்பிலும் ஆமையிலும் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மரபணு மாற்றத்தால் வருவதல்ல. ஒரு கரு இரட்டையாகப் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுவதால் வருவது. 1924இல் வெளியான ஆய்வில், ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மாங்கோல்டும் ஒரு நியூட் கருவிலிருந்து சிறு துண்டை வெட்டி இன்னொரு கருவில் ஒட்டவைத்தார்கள். அந்தக் கருவில் இரண்டாவது உடலச்சு ஒன்று உருவானது. இருதலைப்பட்சிக்கான விளக்கத்தைத் தேடினால் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

யாளியின் கதை வேறு. சிங்க உடம்பில் யானைத் துதிக்கையை எந்தச் சடுதிமாற்றமும் ஒட்டவைக்காது. துதிக்கை ஒரு மரபணு செய்யும் வேலையல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிறு மாற்றங்கள் சேர்ந்து வந்த உறுப்பு. ஆனாலும் சிற்பியின் உள்ளுணர்வில் ஓர் உண்மை இருக்கிறது. உறுப்பை அவர் துண்டு துண்டாகச் சிதைக்கவில்லை, முழுதாகத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். இயற்கையும் சில சமயம் அப்படிச் செய்கிறது. பழ ஈயின் ஒரே ஒரு மரபணு தப்பான இடத்தில் வேலை செய்தால், தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் முழுக் கால் ஒன்று முளைக்கும். எட்வர்ட் லூயிஸ் ஆராய்ந்த இன்னொரு வகை மாற்றத்தில் இரண்டு இறக்கை ஈக்கு நான்கு இறக்கை வந்தது. 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலின் எந்தக் கண்டத்தில் எந்த உறுப்பு என்று சொல்லும் இந்த மரபணுக்கள் தறியின் ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகள் மாதிரி. அட்டை மாறினால் கரையில் வரவேண்டிய யாளி உடலில் வந்து நிற்கும். பாவும் ஊடையும் மாறுவதில்லை. நம் உடம்பிலும் இதே குடும்பத்து மரபணுக்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று பிறழ்ந்தால் விரல்கள் ஒட்டிக்கொண்டும் கூடுதலாகவும் பிறக்கும்.

காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை இதைச் சொல்லச் சிறந்த உயிர் ஈ அல்ல, பட்டுப்புழு. ஜப்பானியர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பட்டுப்புழுவில் நூற்றுக்கணக்கான மாற்றங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் 'இ' தொகுதி என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகையின் மரபணுப் பிரதி இரண்டும் பிறழ்ந்துவிட்டால், கருவின் வயிற்றுக் கண்டங்களிலும் மார்புக் கால்கள் முளைக்கின்றன. முட்டையை விட்டு வெளியே வராமலே அது செத்துவிடும். தோலில் யூரிக் அமிலத் துகள்கள் சேராததால் உள்ளுறுப்பு தெரியும் கண்ணாடிப் புழு உண்டு. வரிக்குதிரைக் கோடு போட்ட புழு உண்டு. இன்னொரு மாற்றத்தில், கழிந்துபோக வேண்டிய ஓர் உட்கருவும் முட்டைக்குள் கருவுற்றுவிடும். அப்படிப் பிறக்கும் அந்துப்பூச்சிகளில் சில ஒரு பாதி ஆண், மறு பாதி பெண். கைலாசநாதர் கோயிலில் காளைமேல் வீணையோடு அமர்ந்திருக்கும் அர்த்தநாரீசுவரரைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

சாதாரணப் பட்டுப்பூச்சியே ஒரு மாற்றுப் பிறவிதான். சீனத்துக் காட்டுப் பூச்சியிலிருந்து சுமார் 5,000 ஆண்டுகளில் மனிதக் கை தேர்ந்தெடுத்த மாற்றங்கள் அதில் குவிந்துள்ளன. இறக்கை இருக்கிறது, பறக்காது. புழு தட்டை விட்டு ஊர்ந்து ஓடாது. மனிதன் இல்லாவிட்டால் அந்த இனம் நிலைக்காது. கதைகளில் மாற்றம் சக்தியைக் கொடுக்கிறது. இங்கே ஒவ்வொன்றாகப் பறித்திருக்கிறது. அந்த இழப்புகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றியவர்களால்தான் நமக்குப் பட்டு கிடைத்தது.

கூட்டின் நிறத்தைப் பாருங்கள். மல்பெரி இலையிலுள்ள மஞ்சள் நிறமியைக் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து பட்டுச் சுரப்பிக்கும் கடத்த ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டு விழுந்துபோனதால் பல இனங்களில் கூடு வெள்ளையானது என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1906 வாக்கில், தோயாமா கமெதாரோ மஞ்சள் கூட்டு இனத்தையும் வெள்ளைக் கூட்டு இனத்தையும் கலந்து பார்த்திருந்தார். முதல் தலைமுறை முழுக்க மஞ்சள், அடுத்ததில் மூன்று மஞ்சளுக்கு ஒரு வெள்ளை. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. நம் பக்கத்தில் 'பியூர் மைசூர்' இனம் இன்னும் பச்சை கலந்த மஞ்சள் கூடுதான் கட்டுகிறது. அதை வெள்ளைக் கூட்டு இனத்தோடு கலந்த கலப்பினத்தை விவசாயிகள் நீண்டகாலம் வளர்த்து வந்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் இழையைச் சுற்றியிருக்கும் பசையில்தான் பெரும்பாலும் தங்குகிறது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கான பசையோடு மஞ்சளும் போய்விடும். அதன்பின்தான் அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஏறும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் இருக்கிறது. மல்பெரி வகைகளோடு பட்டுப்புழு இனங்களையும், சடுதிமாற்ற வகைகளையும் அங்கே காக்கிறார்கள். நெல்விதையைப்போலப் புழு முட்டைகளை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் மூடிவைக்க முடியாது. ஒவ்வொரு வகையையும் மீண்டும் மீண்டும் பொரிக்கவைத்து, இலை போட்டு வளர்த்து, கலப்பு வராமல் பிரித்து, முட்டை எடுத்தாக வேண்டும். ஒரு சுற்று தவறினால் ஒரு வகையே போய்விடும். ஒரு கதாநாயகனுக்குக் கொடுக்கும் கைதட்டலில் கொஞ்சம் இந்தப் பொறுமைக்கும் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

யாளி சாத்தியமில்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் தொஷிகி தமுராவின் குழு பட்டுப்புழு முட்டைக்குள் வேற்று மரபணுவைச் செலுத்தி, அது அடுத்தடுத்த தலைமுறைக்கும் போவதைக் காட்டியது. மரபணுவைச் சுமந்துபோன வாகனம் முட்டைக்கோஸைத் தின்னும் ஒரு புழுவிலிருந்து கிடைத்தது. செலுத்திய மரபணு பச்சையாக ஒளிரும் ஜெல்லி மீனுடையது. மூன்று உயிர்கள் சேர்ந்த ஒரு புழு, பிள்ளை பெறவும் முடிகிறது. 'மாஸ்டர்' தவறவிட்டது இதைத்தான். பிற்பாடு பட்டு இழையிலேயே அந்த ஒளியைக் கொண்டுவந்தார்கள். நீல விளக்கொளியில் மின்னும் அந்தப் பட்டில் உடைகளும் தைத்துக் காட்டப்பட்டன. ஆனால் ஒளி தரும் புரதம் சூடு தாங்காது. கொதிநீரில் பசை எடுத்தால் ஒளி அணைந்துவிடும். அதனால் நொதியைக் கொண்டு குறைந்த சூட்டில் பசை எடுக்கும் முறையை அவர்கள் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. அந்த நூல் ஒருநாள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு வருமானால், முதலில் மாற வேண்டியது சாயப்பட்டறைக் கொப்பரையின் சூடு.