ஓரிதழ்த் தாமரையை வளர்த்துக் காத்தல்

ஓரிதழ்த் தாமரை என்னும் பெயரைக் கேட்டோர் அதனைக் குளத்திலே தேடுதல் கூடும். ஆயின் அது தாமரையினத்தைச் சேர்ந்ததன்று, நீரில் வளர்வதுமன்று. வயலட் எனப்படும் ஊதாப்பூச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பூண்டு அது. அக்குடும்பத்தின் வேறு சில இனங்கள் மலைநாட்டின் குளிர்ந்த பகுதிகளிலே வளர்கின்றன. இதுவோ வெயிலையும் வரட்சியையும் தாங்கி, உலர்வலயத்தின் மணற்பாங்கான வெளிகளிலும் பற்றை ஓரங்களிலும் தானாகவே முளைக்கின்றது.

இச்செடி பெரும்பாலும் ஓரடிக்கு மேல் உயர்வதில்லை. இலைகள் ஒடுங்கி நீண்டவை. இலைக்கக்கத்தில் தனித்தனியே பூக்கும் மலரில் ஐந்து இதழ்கள் உண்டு. நான்கு மிகச் சிறியன. ஐந்தாவது மட்டும் மண்வெட்டித் தகடுபோல் அகன்று, இளஞ்சிவப்புக் கலந்த ஊதா நிறத்துடன் விளங்கும். ஓரிதழே கண்ணுக்குத் தெரிவதால் இப்பெயர் வழங்கலாயிற்று. 1753 இல் லின்னேயசு என்னும் தாவரவியலறிஞர் இதனை வயோலா இனத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார். பின்னர் இது ஹைபாந்தசு என்ற பெயரால் பெரிதும் அறியப்பட்டது.

அருகுவதற்குக் காரணம்

சித்த, ஆயுள்வேத வைத்தியத்தில் இதன் சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடியும், பயன்படுகின்றது. ஆகவே சேகரிப்போர் செடியை வேரோடு பிடுங்குகின்றனர். காய் முற்றுமுன் பிடுங்கிய செடி அடுத்த மழைக்கு விதை விட்டுச் செல்வதில்லை. இவ்வாறு சில ஆண்டுகள் தொடர்ந்தால், ஓரிடத்தில் நிறைந்திருந்த செடி அவ்விடத்தை விட்டே அற்றுப்போகும். களைநாசினி தெளித்தலும் அவ்வழிவை விரைவுபடுத்தும். வீட்டுத் தோட்டத்தில் இதனை வளர்ப்பதே தக்க பரிகாரமாகும்.

விதை சேகரித்தல்

சிறு உருண்டையான காய் முற்றியதும் மூன்று பிளவாக வெடித்து விதைகளைச் சிதறிவிடும். எனவே பச்சை நிறம் மாறி வெளிறத் தொடங்கும் காய்களை வெடிக்குமுன் பறித்து, கடதாசிப் பையிலிட்டு வாயைக் கட்டி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். ஒரே இடத்துக் காய்கள் அனைத்தையும் பறித்தல் ஆகாது. பெரும்பகுதியை நிலத்திற்கே விட்டுவிடுக.

விதைத்தலும் நடுதலும்

காலபோக மழையின் தொடக்கம் விதைப்புக்கு ஏற்றது. விதைகள் ஒரே சீராக முளைப்பதில்லை. ஆதலால் சற்று அதிகமாகவே விதைத்துப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். இரண்டு பங்கு மணலும் ஒரு பங்கு மேல்மண்ணும் சிறிதளவு மக்கிய கூட்டெருவும் கலந்து சிறு பைகளில் நிரப்புக. ஒரு பைக்கு ஐந்தாறு விதைகளை இட்டு, மெல்லிய மணலால் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க. முளைத்தபின் திடமான ஒரு கன்றை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கத்தரித்து விடுக.

கன்று ஆறு இலை விட்டதும், வேர் கலையாதவாறு மண்ணோடு எடுத்து, ஒன்பது அங்குல இடைவெளியில் நடலாம். நல்ல வெயிலும் நீர் தேங்காத நிலமும் அவசியம். களியான தரையாயின் பாத்தியை உயர்த்தி மணல் சேர்த்தல் நன்று. மழையில்லாக் காலத்தில் மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. அடர்ந்த களைகள் இச்சிறு செடியை மூடிவிடுமாதலால் அவற்றைக் கையால் அகற்றுக.

செம்மஞ்சட் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட ஒருவகை வண்ணத்துப்பூச்சி இச்செடியில் முட்டையிடும். அதன் முள்ளுடைய புழுக்கள் இலைகளைத் தின்னும். கன்றுகள் இளையனவாயின் புழுக்களைக் குச்சியால் எடுத்து வேறிடத்திலுள்ள முதிர்ந்த செடியில் விடலாம். நஞ்சு தெளித்தல் வேண்டா. மருந்துக்காக வளர்க்கும் செடியில் நஞ்சு படிதல் தீங்காகும்.

அறுவடை

காய்கள் வெடித்து விதை சிந்திய பின்னரே செடியை எடுத்தல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு செடிகளையேனும் விதைக்கென நிறுத்துக. இதனை மருந்தாக உட்கொள்ள விரும்புவோர் தாமே அளவு தீர்மானியாது தகுதி பெற்ற வைத்தியரை நாடுவாராக. செடியை அடையாளங்காண்பதில் ஐயமுளதாயின் பூவுடன் கூடிய ஒரு கிளையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டித் தெளிவு பெறுக.