டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு காப்பாளர் யார்? கலெக்டர் குழுவிடம் மனு செய்யலாம்

'நாம கண்ணை மூடிட்டா இந்த புள்ளைய யார் பார்த்துக்குவா?' டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோரை தூங்க விடாத கேள்வி இது.

21-வது குரோமோசோம் இரண்டுக்கு பதில் மூன்றாக அமைவதால் பிறவியிலேயே வருவது டவுன் சிண்ட்ரோம். தாய் செய்த பாவமோ, கிரகண தோஷமோ காரணம் இல்லை. முன்பு பலர் சின்ன வயசிலேயே இறந்தனர். இப்போது இருதய ஆபரேஷன் போன்ற சிகிச்சைகளால் 60 வயதை எட்டுபவர்களும் உண்டு. எனவே பெற்றோருக்கு பிறகும் துணை தேவை.

இதற்கு வழி செய்கிறது 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளை சட்டம். 18 வயது முடிந்ததும் காப்பாளர் நியமிக்க பெற்றோர், உறவினர் மனு கொடுக்கலாம். பெற்றோரே காப்பாளர் ஆகலாம். நம்பிக்கையான சொந்தக்காரரையும் நியமிக்க கேட்கலாம். கலெக்டர், தொண்டு நிறுவன பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய உள்ளூர் குழு முடிவு செய்யும்.

காப்பாளர் ஆகிவிட்டால் சொத்தை அமுக்கிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன் விவரத்தை எழுதி கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கணக்கு காட்ட வேண்டும். பிள்ளையை கவனிக்காமல் விட்டாலோ, சொத்தில் கை வைத்தாலோ உறவினர்கள் குழுவிடம் புகார் செய்யலாம். விசாரணையில் உண்மை என்று தெரிந்தால் காப்பாளரை நீக்கிவிடுவார்கள்.

இதே சட்டத்தின் கீழ் 'நிரமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவ காப்பீடும் உண்டு.

விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். உடம்பில் தெம்பு இருக்கும்போதே, பிள்ளையிடம் பாசமாக பழகும் சித்தியோ, மாமாவோ ஒருவரிடம் பேசி வைப்பது நல்லது.