களவும் பிணியும்

1896 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் மாநகர நீதிமன்றம் ஒன்றிலே அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி குற்றவாளிக் கூண்டில் நின்றாள். அவள் சான்பிரான்சிஸ்கோ நகரத் தேயிலை வணிகர் ஒருவரின் மனைவி. பொருளுக்குக் குறைவில்லாதவள். ஆயினும், தம்பதிகள் தங்கியிருந்த ஹொட்டேலில் அவர்களுடைய பெட்டிகளைப் பொலிசார் திறந்து பார்த்தபோது, கடைகளிலிருந்து களவாடப்பட்ட மென்மயிர்த் தோலாடைகளும் சீப்புகளும் கைக்கண்ணாடிகளும் வெளிப்பட்டன. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். வைத்தியர்கள் அவளது மனநிலை குறித்துச் சாட்சியம் கூறினர். நீதிபதி 3 மாதச் சிறை விதித்தார். ஆனால், உள்நாட்டு அமைச்சர் சில நாள்களிலேயே அவளை விடுதலை செய்துவிட்டார்.

செல்வர் திருடினால் பிணி, ஏழை திருடினால் குற்றமோ என்ற வினா அக்காலத்திலேயே எழுந்தது. நியாயமான வினாவே. அதற்கு விடை காண்பதாயின், திருடியவரின் பணப்பையை விடுத்து மனத்தை நோக்குதல் வேண்டும்.

பசியினால் திருடுபவன், இலாபங் கருதித் திருடுபவன், பழிவாங்கத் திருடுபவன் ஆகிய மூவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. களவுப் பிணி உடையவரோ, தமக்குத் தேவையற்ற பொருளை, பெரும்பாலும் தம்மால் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொருளையே எடுக்கின்றனர். எடுத்ததை ஒளித்து வைப்பர், பிறருக்குக் கொடுப்பர், வீசிவிடுவர், சிலவேளை கடையிலேயே இரகசியமாகத் திருப்பி வைப்பர். பெரும்பாலும் அவர்கள் முன்கூட்டித் திட்டமிடுவதில்லை, துணை சேர்ப்பதுமில்லை.

ஜெனீவா நகர வைத்தியர் ஆந்திரே மத்தே 1816 ஆம் ஆண்டிலேயே இந்நிலையை விவரித்தார். 1838 இல் பிரெஞ்சு வைத்தியர்களான எஸ்கிரோலும் மார்க்கும் இதற்குக் கிளெப்டோமேனியா என்னும் பெயரை வழங்கினர். கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பட்ட அச்சொல்லின் முற்பகுதி திருடுதலையும் பிற்பகுதி பித்தினையும் குறிக்கும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைந்நூலின்படி, 1,000 பேரில் 3 முதல் 6 பேர் வரை இப்பிணிக்கு ஆளாகின்றனர். அவர்களுள் ஆண் ஒருவருக்குப் பெண்கள் மூவர் என்ற விகிதம் காணப்படுகிறது. கடைகளில் திருடிக் கைதாவோருள் 100 க்கு 4 முதல் 24 பேர் வரையே இப்பிணி உடையோர். எனவே, கைதாகும் ஒவ்வொருவரும் இப்பெயரைக் கேடயமாகப் பிடிக்க இயலாது.

இப்பிணியின் போக்கு மதுப்பழக்கத்தின் போக்கினைப் பெரிதும் ஒத்தது. முதலில் உள்ளத்திலே ஒரு பதைப்பு எழுகிறது. அதனை அடக்க முயலுந்தோறும் அது வளர்கிறது. பொருளை எடுத்த கணத்தில் இன்பமும் ஆறுதலும் பிறக்கின்றன. சிறிது நேரத்தில் அவை மறைந்து, நாணமும் குற்றவுணர்வும் சூழ்கின்றன. அவற்றால் சோர்ந்த மனம் மீண்டும் அதே ஆறுதலை நாடுகிறது. இவ்வாறு சக்கரம் சுழல்கிறது.

இவ்வொற்றுமையே சிகிச்சைக்கும் வழிகாட்டியது. அபின் வகைப் பொருள்களுக்கும் மதுவுக்கும் அடிமையானோருக்கு வழங்கப்படும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்து, மூளையில் இன்ப உணர்ச்சிக்குத் துணைபுரியும் ஏற்பிகளை மறிக்கிறது. மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பிணி உடைய 25 பேரை 8 வாரங்கள் ஆராய்ந்து, அதன் முடிவை 2009 இல் வெளியிட்டனர். மருந்தற்ற வெறுங்குளிசை பெற்றோரைக் காட்டிலும், இம்மருந்தை உட்கொண்டோரிடம் திருடும் உந்தலும் செயலும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. 25 பேரைக் கொண்டு முடிந்த முடிபு கூறலாகாது. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. இம்மருந்தை வைத்தியரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ள வேண்டும்.

மனப்பயிற்சியும் உண்டு. பொருளை எடுப்பதாகக் கற்பனை செய்யும் நோயாளி, உடனே தாம் பிடிபடுவதையும் பலர் முன் தலைகுனிவதையும் கற்பனை செய்யப் பழக்கப்படுகிறார். எந்த வேளையில், எந்த மனநிலையில் உந்தல் எழுகிறது என்பதைக் குறித்து வைப்பதும், கடைக்குத் தனியே செல்லாதிருப்பதும் பயனளிக்கும்.

பிணி என்று கூறுவதனால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. தாம் செய்வது பிழையென்பதை நோயாளி அறிவார். அவருடைய வேதனையும் அதுவே. எடுத்த பொருளுக்கு ஈடு செய்தல் அவரது கடமை. ஆனால், தண்டனை மட்டும் உந்தலை அடக்காது. வெளியே சொல்ல நாணி, கணவனிடமோ மனைவியிடமோ வைத்தியரிடமோ கூறாது பல்லாண்டுகளைக் கழிப்போர் பலர். அந்த மறைவிலே மனச்சோர்வு முற்றி, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வோரும் உளர்.

1896 ஆம் ஆண்டில் வைத்தியர் பலர் பெண்களின் கருப்பையே இப்பிணிக்குக் காரணமென்று நம்பினர். இலண்டனில் விடுதலை பெற்ற பெண்மணிக்கு அக்கால மருத்துவம் அளித்திருக்கக்கூடிய உதவி சொற்பமே. இன்று நிலைமை வேறு. வீட்டிலே காரணமின்றிப் புதுப்பொருள்கள் சேர்வதைக் காணும் குடும்பத்தார், ஏசுவதற்கு முன்னர் அமைதியாக விசாரிக்க வேண்டும். அவ்விசாரணைக்கு உண்மையான விடை கிடைத்துவிட்டால், வைத்தியரிடம் செல்லும் வழி திறந்துவிடுகிறது.