நாடு போயிற்று, திறமை போகவில்லை!

செக்கோஸ்லோவாகியா நாட்டை விட்டுப் போன இருவரின் கதை இது.

ஒருவர், யாரோஸ்லாவ் டிரோப்னி. பனிக்கட்டித் தரையில் ஆடும் ஆக்கி வீரர். 1948 ஒலிம்பிக்கில் அவரது அணிக்கு வெள்ளிப் பதக்கம். டென்னிசிலும் சூரர்!

1949-ல் சுவிட்சர்லாந்தில் டென்னிஸ் ஆடப் போனார். "போட்டியில் இருந்து விலகு" என்று கம்யூனிஸ்டு அரசாங்கம் கட்டளையிட்டது. அவர் மறுத்தார். ஊர் திரும்பவில்லை. எகிப்து அவருக்குக் குடியுரிமை கொடுத்தது.

1954-ல் விம்பிள்டன் கோப்பையை வென்றார், எகிப்து வீரராக!

மற்றவர், மிலன் குந்தேரா. தத்துவம் கலந்த நாவல்களை எழுதியவர். தாய்நாட்டில் அவரது புத்தகங்களுக்குத் தடை. 1975-ல் பிரான்சில் குடியேறினார். 1979-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு பிரெஞ்சு மொழியிலேயே நாவல் எழுதினார்.

2019-ல் செக் தூதர் பாரிசில் அவரைச் சந்தித்து, குடியுரிமைப் பத்திரத்தைக் கொடுத்தார்.

அப்போது குந்தேராவுக்கு வயது 90!