வடசொற்கள் தமிழுருப் பெற்ற வகை

வடமொழியிலிருந்தும், அதன் வழக்கு வடிவங்களான பிராகிருத மொழிகளிலிருந்தும் தமிழுக்கு வந்த சொற்கள், தமிழின் ஒலி ஒழுங்குக்கு உட்பட்ட பின்னரே எழுத்து வழக்கில் இடம்பெற்றன. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதப்படுவதே வடசொல் என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. பிற்காலத்து நன்னூலின் உரைகள், இரு மொழிக்கும் பொதுவான எழுத்துகளால் மாற்றமின்றி வரும் 'கமலம்' போன்றவற்றைத் தற்சமம் என்றும், ஒலி திரிந்து வருபவற்றைத் தற்பவம் என்றும் பகுத்தன.

திரிபுகள் தற்செயலானவை அல்ல. ரகரமும் லகரமும் தமிழில் சொல்லுக்கு முதலாகா என்பதால் ராமன் 'இராமன்' ஆனான். ஷகரம் சொல்லின் இடையில் டகரமாவதால் விஷம் 'விடம்' ஆயிற்று, விபீஷணன் கம்பனிடம் 'வீடணன்' ஆனான். ஹகரம் முதலில் வரும்போது மறைய, ஹரன் 'அரன்' ஆனான். தமிழ் ஏற்காத மெய்மயக்கத்தை, அதாவது மெய்கள் அடுத்தடுத்து நிற்பதை, இடையில் ஓர் உயிரைச் சேர்த்துப் பிரித்ததால் பத்மம் 'பதுமம்' ஆகியது. ஆகார ஈறு ஐகாரமாகி, மாலா 'மாலை' ஆனது.

இவற்றினும் சுவையானவை பிராகிருதத்தின் வழி வந்தவையே: சமணரைக் குறிக்கும் 'அமணர்' என்னும் சொல், சிரமண என்பதன் பிராகிருத வடிவமான சமண என்பதிலிருந்து, முதல் சகரத்தையும் இழந்து உருவானது. தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடை பரவியபின் ஜ, ஷ, ஸ, ஹ என்னும் கிரந்த எழுத்துகள் தமிழெழுத்துடன் கலந்து எழுதப்படவே, இத்திரிபுகளின் தேவை குறைந்தது. ஆயினும் 'வருடம்', 'வருஷம்' இரண்டும் இன்றும் அருகருகே வழங்குகின்றன.