பெயரின் வாலை வெட்டலாமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர் வரும். அதற்கு அடுத்தது அத்திப்பட்டு. 'புதுநகர்' என்ற வாலை விட்டுவிட்டு, "அத்திப்பட்டில் காத்திரு" என்று நண்பனிடம் சொன்னால் என்ன ஆகும்? நீங்கள் ஒரு நிலையத்தில், அவன் அடுத்த நிலையத்தில்!

கணிப்பொறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணிப்பொறிகள் உங்களை எண்ணால்தான் அறிகின்றன. 'முருகன்' என்று தட்டினால், தன் பட்டியலைப் பார்த்து, 1001 என்பது போன்ற ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதும் எண்ணாகவே பதிவாகும். 0 என்ற எண்ணுக்கு உரியவர் 'ரூட்'. அவருக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

ஓர் ஆலையில் நூறு கணிப்பொறிகள் இருந்தால், நூறு கடவுச்சொற்களை யார் நினைவில் வைப்பது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் கெர்பரோஸ். பொதுவான ஒரு சரிபார்ப்புக் கணிப்பொறியிடம் ஒருமுறை கடவுச்சொல்லால் உங்களை நிரூபித்தால் போதும்; மற்றக் கணிப்பொறிகளிடம் காட்ட அது சீட்டு தரும். சீட்டிலுள்ள பெயருக்கு இரண்டு பகுதிகள்: ஆளின் பெயர், அவர் சேர்ந்த வட்டாரம். 'முருகன்@ஆலை' என்பது போல.

சீட்டு, வந்தவர் யார் என்று மட்டுமே சொல்லும். அவருக்கு இங்கே எந்த எண் என்பதை அந்தந்தக் கணிப்பொறிதான் முடிவு செய்யவேண்டும். வழக்கமான விதி எளியது: தன் வட்டாரமானால் வாலை வெட்டி, மிஞ்சும் பெயரைப் பட்டியலில் தேடு. வேறு வட்டாரமானால், தனி விதி இல்லாதவரை உள்ளே விடாதே.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஆலையும் துறைமுகமும் ஒன்றன் சீட்டை மற்றொன்று ஏற்பதாக வைத்துக்கொள்வோம். 'முருகன்@துறைமுகம்' வருகிறார். எல்லா வாலையும் வெட்டும்படி யாராவது விதி எழுதியிருந்தால், இரண்டு முருகன்களுக்கும் 1001தான்! ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்கலாம். சீட்டு போலியன்று, கடவுச்சொல்லும் திருட்டுப் போகவில்லை. பெயரை எண்ணாக மாற்றிய விதம்தான் தவறு. 'ரூட்@துறைமுகம்' வந்தாலோ, ஆலையின் எல்லாக் கதவும் திறந்துவிடும்!

கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையில் இதற்கு ஒரு காப்பு உண்டு. வெளியிலிருந்து 0 என்று வருபவரை, உரிமை ஏதும் இல்லாத 'நோபடி' என்ற கணக்காக மாற்றிவிடுவார்கள். லினக்ஸில் அதன் எண் பெரும்பாலும் 65534.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், கட்டளைத் திரையில் ஐ, டி என்ற இரு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். அங்கே நீங்கள் எந்த எண் என்று தெரிந்துவிடும்!